புல்வெளிதான் காணாமல் போனது

கோத்தகிரியில் பத்தாம் வகுப்பு படித்த காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது சீகை விறகு. ஸ்வெட்டரில் அந்தப் புகை வாசனையோடுதான் பள்ளிக்கு வருவேன். பத்தியைப் படித்து, அதை எழுதியவரின் மனநிலையைச் சொல்லும் கேள்வியில் நான் முதலில் சறுக்கியதும் அந்த விறகால்தான்.

எங்கள் ஆங்கில டீச்சர் அந்தக் கேள்வியைத் தமிழில்தான் பழக்குவார். ஒருநாள் கரும்பலகையில் எழுதினார்: "தோல் பதனிட உதவும் என்று ஆஸ்திரேலியச் சீகையைக் கொண்டுவந்து நட்டார்கள். உதவியது. புல்வெளிதான் காணாமல் போனது." எழுதியவருக்கு என்ன மனநிலை? பாராட்டா, கோபமா, வருத்தமா, நடுநிலையா?

நான் எழுந்து "பாராட்டு, டீச்சர்" என்றேன். பாதி வகுப்பு "கோபம்" என்றது.

"சீகை நல்ல மரம்னு சொல்றது உன் மனசுப்பா. எழுதினவர் மனசு எந்த வார்த்தையில இருக்கு? தொட்டுக் காட்டு."

தொடுவதற்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. கோபம் என்றவர்களுக்கும் அதே கதிதான். திட்டும் சொல் எதுவும் அங்கே கிடையாது. டீச்சர் 'புல்வெளிதான்' என்பதில் 'தான்' மட்டும் அழித்துவிட்டு, 'புல்வெளி காணாமல் போனது' என்று படிக்கச் சொன்னார். வெறும் செய்தி. மறுபடி 'தான்' சேர்த்தார். வகுப்பே "வருத்தம்" என்றது.

அப்புறம் சல்லிவன். 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிக்கு வந்தார், வந்தாராம், வந்தே விட்டார். மூன்றையும் சொல்லவைத்து, எதில் எழுதியவர் ஒதுங்கி நிற்கிறார் என்று கேட்பார். 'வந்தாராம்' என்பதில் உள்ள அந்த ஒதுக்கத்தை ஆங்கிலத்தில் 'கிளெய்ம்' போன்ற வினையில் தேடவேண்டும், 'ஒன்லி', 'ஈவன்' வந்தால் நின்று படிக்கவேண்டும் என்பார். மேற்கோளில் பேசுகிறவரின் கருத்தை எழுதியவர் தலையில் கட்டினால் மட்டும் டீச்சருக்குப் பொறுக்காது.

மெல்போர்ன் வருவதற்காக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதினேன். வாசிப்புத் தாளில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள். எழுதியவரின் கருத்தோடு வாக்கியம் ஒத்துப்போகிறதா என்பதற்கு 'ஆம்', 'இல்லை', 'சொல்லப்படவில்லை' என்று மூன்று விடைகள். பயிற்சி வகுப்பில் பலர் அந்த மூன்றாவதில் தடுமாறினார்கள். எனக்கு அது பழகிய இடம். தொட்டுக் காட்ட வார்த்தை இல்லாமல் அன்று நின்றவன் அல்லவா!

சீகை இனத்தில் ஒன்றுதான் 1988 முதல் இந்நாட்டின் தேசிய மலர். மஞ்சளாய்ப் பூத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சரின் அந்த மூன்று வரி நினைவுக்கு வருகிறது. அவர் சொந்தமாக எழுதிய அத்தகைய பத்திகள் எங்கள் நோட்டில் மட்டுமே இருந்தன. வீடு மாறியதில் என் நோட்டு தொலைந்துவிட்டது. நம் வகுப்பில் யாராவது பத்திரமாக வைத்திருந்தால், தயவுசெய்து படமெடுத்து நம் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கள்.