அக்கா மகனின் டைஸுக்கு ஒரு சுருக்குப்பை

"சித்தி, ஏழு டைஸ் போட்டு வைக்கிற மாதிரி ஒரு பை பின்னித் தர முடியுமா?" என்று அக்கா மகன் போனில் கேட்டான். அளவை வாயால் சொல்லாதே, டைஸையே எடுத்துக்கொண்டு வா என்றேன். கோயம்புத்தூரில் படிக்கிறான். சனிக்கிழமை இரவானால் ஹாஸ்டலில் நாலைந்து பேர் கூடி உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறார்களாம். ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரம். பூட்டிய கதவு திறந்ததா, பூதத்தின் மேல் வெட்டு விழுந்ததா என்பதையெல்லாம் டைஸ் முடிவு செய்யும். பொங்கல் லீவுக்குத் திருச்சி வந்தவன் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து அத்தனையையும் சாப்பாட்டு மேஜையில் கொட்டினான்.

ஆறு முகப் பகடை எனக்குத் தெரியும். இருபது முகம் புதிது. நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது என்று முகங்கள். பத்து முகத்தில் மட்டும் இரண்டு; ஒன்றில் 0 முதல் 9 வரை, இன்னொன்றில் 00, 10, 20 என்று 90 வரை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் நூறுக்குள் ஒரு எண் கிடைக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "இதுல தாயம் எப்படிடா போடுறது?" என்றாள். "அம்மாச்சி, இங்க ஒண்ணு விழுந்தா அடி தப்பிடும். இருபது விழுந்தாதான் யோகம்" என்றான். தாயம் விழாமல் காயே இறக்க முடியாத ஆட்டத்தில் ஊறியவள் அம்மா. ஒன்றுக்கு மதிப்பில்லாத ஆட்டம் என்ன ஆட்டம் என்று மறுபடி வெண்டைக்காய்க்குத் திரும்பிவிட்டாள்.

நான் பார்த்தது எண்களை இல்லை, முனைகளை. இருபது முகம் உருண்டை மாதிரிதான், அதனால் பைக்குத் தொல்லை கிடையாது. நாலு முகக் கட்டைதான் எமன். பிரமிடு வடிவம், நாலு மூலையும் கூர். அதிலும் இவனுடையது பளபளவென்று விளிம்பு மழுங்காத ரெசின் டைஸ். சாதாரணமாக ஸ்வெட்டருக்கோ சால்வைக்கோ பின்னுகிற தளர்வில் பின்னினால், அந்த மூலை கண்ணிக்குள் புகுந்து வெளியே எட்டிப் பார்க்கும். நாலு நாளில் அங்கே ஒரு ஓட்டை. எனவே டைஸ் பை என்றால் முதலில் இறுக்கம், அப்புறம்தான் அழகு.

இறுக்கத்துக்கு வழி ஊசியில், அதாவது குரோஷா போடுகிற கொக்கி ஊசியில் இருக்கிறது. என்னிடம் இருந்த பருத்தி நூலின் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தது. நான் எடுத்தது 3 மி.மீ. கை கொஞ்சம் வலிக்கும், உண்மைதான். ஆனால் பின்னல் அட்டை போல விறைப்பாக வரும், பையைத் திறந்து மேஜையில் வைத்தால் சாயாமல் நிற்கும். அக்ரிலிக் உல்லன் வேண்டாம் என்பது என் கட்சி. விலை குறைவுதான், நிறமும் நிறைய. ஆனால் கனம் ஏறினால் இழுபடும், உரசி உரசிப் பஞ்சு கிளம்பும். டைஸ் பை நாள் முழுக்க பேக்கில் புரள்கிற சாமான்.

நிறத்தில்தான் ஒரு சின்ன பஞ்சாயத்து. அவனுக்குக் கறுப்பு வேண்டுமாம். குரோஷா போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், கறுப்பு நூல் என்றால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். கண்ணி எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, விரலால் தடவித்தான் எண்ண வேண்டும். தெப்பக்குளம் பக்கம் நான் வழக்கமாக நூல் வாங்குகிற கடைக்கு அவனையே கூட்டிப் போனேன். கடைசியில் ராமர் பச்சை, கயிறுக்கு அரக்கு என்று முடிவானது. பட்டுப்புடவையில் பார்த்துப் பார்த்துப் பழகிய சேர்க்கை, அது என்றைக்கும் சோடை போகாது. அவன் அதை 'டிராகன் பச்சை' என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டான். சரி, இருக்கட்டும்.

இனி பின்னல். மேஜிக் ரிங்கில், அதாவது இழுத்தால் இறுகுகிற நூல் வளையத்தில், ஆறு சிங்கிள் குரோஷா (குட்டையான கண்ணி). அடுத்த சுற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் பன்னிரண்டு. அப்புறம் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டி 18, 24, 30 என்று 48 வரை போனேன். எட்டாவது சுற்றில் 48 வரும். என் கைக்கு அது கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் அகல வட்டம். கூட்டுகிற இடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக விழுந்தால் வட்டம் வராது, அறுகோணம்தான் வரும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அந்த இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் மூலைகள் மறைந்து வட்டமாகிவிடும். (டைஸ் பைக்கு அறுகோண அடியும் பொருத்தம்தானே என்று இவன் கேட்டான். கேட்கிறவனுக்கு என்ன!)

யூடியூப் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்கக்காரர்கள் சிங்கிள் குரோஷா என்பதைத்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷா என்கிறார்கள். புத்தகம் ஒரு முறை, வீடியோ இன்னொரு முறை என்று கலந்தால் பின்னல் வலை போல வந்துவிடும், நாலு முகக் கட்டைக்குக் கொண்டாட்டம். நான் இங்கே சொல்வது அமெரிக்கப் பெயர்.

அடிப்பகுதி முடிந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். முதல் சுற்றை மட்டும் கண்ணியின் பின்பக்க இழையில் போட்டால் அடிக்கும் சுவருக்கும் நடுவே மடித்த மாதிரி ஒரு விளிம்பு விழும். பை நிற்பது அந்த விளிம்பில்தான். அதற்கு மேல் 48 கண்ணியிலேயே சுற்றிச் சுற்றி மேலே போகிறேன். சுற்றை மூடாமல் சுருளாகப் போவதால் முதல் கண்ணியில் ஒரு மார்க்கர் கட்டாயம். வாங்க வேண்டியதில்லை, ஒரு ஊக்கு போதும். நான் வேறு நிற நூல் துண்டு ஒன்றை வைத்துக்கொள்வேன், டிவி பார்த்துக்கொண்டு பின்னும்போது ஊக்கு குத்துகிறது.

இருபது சுற்றில் ஒன்பது சென்டிமீட்டர் உயரம் வந்தது. அப்போது நாலு முகக் கட்டையை உள்ளே போட்டு, மூலையைச் சுவரில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். துணி புடைத்ததே தவிர முனை வெளியே வரவில்லை. உள்ளே லைனிங் வைத்துத் தைக்கலாமே என்று அக்கா சொன்னாள். இறுக்கமாகப் பின்னிய பைக்கு லைனிங் வீண். உள்ளே துணி சுருண்டு, டைஸ் மடிப்பில் ஒளிந்துகொண்டு, ஆட்டத்தின் நடுவே தேட வேண்டியிருக்கும்.

கயிறுக்கான சுற்றுதான் எனக்குப் பிடித்த இடம். ஒரு டபுள் குரோஷா (சிங்கிளைவிட உயரமான கண்ணி), ஒரு சங்கிலி, ஒரு கண்ணி விட்டு மறுபடி டபுள் குரோஷா. 48 கண்ணிக்கு 24 ஓட்டை. ஓட்டை இரட்டைப்படையில் இருப்பது முக்கியம். வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே என்று கோத்துக்கொண்டு போனால் கயிறு கடைசியில் வெளிப்பக்கமே வந்து நிற்கும். ஒற்றைப்படை என்றால் ஒரு முனை உள்ளே மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் இரண்டு சுற்று சிங்கிள் குரோஷா போட்டால் வாய் கொசுவி அழகாக மூடும்.

ஒரே கயிறு போட்டால் பை ஒரு பக்கமாகத்தான் சுருங்கும். நான் இரண்டு கயிறு போடுவேன். முதலாவது இடப்பக்கம் தொடங்கி முழுதும் சுற்றி இடப்பக்கமே வெளிவரும்; இரண்டாவது நேர் எதிரே, வலப்பக்கம் தொடங்கி வலப்பக்கமே வரும். இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் வாய் நடுவில் சரியாக மூடிக்கொள்ளும். கயிறு வெறும் சங்கிலியாக இருந்தால் நாளடைவில் நீண்டுவிடும். சங்கிலியின் மேலேயே திரும்பி ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத இழுப்புக் கண்ணி) போட்டுவந்தால் தட்டையான, கெட்டியான நாடா கிடைக்கும். நுனியில் முடிச்சு. மணி கோக்கலாம் என்றேன், சத்தம் வரும் வேண்டாம் என்றான். ஏழு டைஸ் உருளும் சத்தத்தைவிடவா என்று கேட்கத் தோன்றியது, விட்டுவிட்டேன்.

பின்னிக்கொண்டிருக்கும்போது அவன் சொன்ன ஒரு கதை எனக்குப் பிடித்தது. இந்த ஆட்டம் 1974-இல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்று இரண்டு பேர் உருவாக்கியது. அந்தக் காலத்தில் இருபது முகக் கட்டையில் 20 வரை எண் இருக்காதாம், 0 முதல் 9 வரை இரண்டு தடவை பொறித்திருக்குமாம். பத்து முகக் கட்டை இந்த ஆட்டத்துக்குள் வந்தது அதற்குப் பின்னால்தான். 1979 வாக்கில் டைஸுக்குத் தட்டுப்பாடு வந்து, பெட்டிக்குள் டைஸுக்குப் பதில் எண் அச்சிட்ட சின்னச் சின்ன அட்டைகளை வைத்து விற்றிருக்கிறார்கள். கத்தரித்து ஒரு கோப்பையில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நம் ஊர்ச் சீட்டுக் குலுக்கல்தான் அது, என்ன, பரிசுக்குப் பதில் பூதம்.

பை கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் அவன் நண்பர்கள் இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒருவனுடையது உலோக டைஸ், செட்டே நல்ல கனமாம். அதற்கு இரட்டை இழையில், அடியை மட்டும் இன்னும் நெருக்கிப் பின்னலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். இன்னொருவனுக்கு முன்பக்கம் மண்டையோடு வேண்டுமாம். அதுவும் கறுப்பில். அவனுக்கு மட்டும் பகலில்தான் பின்னுவேன், சித்திரைக்கு முன்னால் கேட்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.