செப்டிமா கிளார்க்: ஒடிந்த பென்சில்களின் வகுப்பு

5 ஜனவரி 2025

1898 மே 3 அன்று அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்த கறுப்பினப் பெண் செப்டிமா கிளார்க். 1916இல் பக்கத்திலுள்ள ஜான்ஸ் தீவில் ஆசிரியையாகச் சேர்ந்தார். சுமார் 40 ஆண்டுப் பணிக்குப் பிறகு, 1956இல் வேலை பறிபோனது. கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பில் அரசு ஊழியர்கள் இருக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் கொண்டுவந்தது. தான் உறுப்பினர் என்பதை அவர் மறைக்க மறுத்தார். ஓய்வூதியமும் சேர்ந்தே போனது.

டென்னசி மாநிலத்திலிருந்த ஹைலாண்டர் பள்ளி, சமூகப் போராளிகளுக்குப் பயிற்சி தந்த இடம், அவருக்கு வேலை கொடுத்தது. அதற்கு முன்பே, 1955 கோடையில், பின்னர் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட மறுத்த ரோசா பார்க்ஸ் அங்கே வந்து கலந்துகொண்ட பயிலரங்கை நடத்தியவர் இவர்தான். பார்க்ஸை உலகமே அறியும். இவரையும் அறிய வேண்டும்.

7 ஜனவரி

1957இல் இதே தேதியில் ஜான்ஸ் தீவில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது; கறுப்பினப் பெரியவர்கள் வாக்காளராகப் பதிவதற்காக எழுதப் படிக்கக் கற்ற இடம். முன்பக்கம் மளிகைக் கடை, பின்னறையில் வகுப்பு. பள்ளி நடப்பது வெள்ளையர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகவே கடை. மாணவர்கள் 14 பேர், எல்லோரும் பெரியவர்கள். வாரம் இரண்டு இரவு, தலா இரண்டு மணி நேரம். வயலில் வேலை குறைந்த குளிர்காலத்தை அதற்காகவே தேர்ந்தெடுத்தார்கள்.

ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், அழகுநிலையம் நடத்தியவர். படித்த ஆசிரியர் வேண்டாம் என்பது கிளார்க்கின் தெளிவான முடிவு: பழக்க தோஷத்தில் பெரியவர்களைக் குழந்தைகளைப் போல நடத்திவிடுவார்கள். ராபின்சனே முதலில் தொடக்கப் பள்ளிப் பாடங்களைத்தான் கொண்டுபோனார். பார்த்த உடனே ஒதுக்கிவைத்தார். உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத, பைபிள் படிக்க, தபாலில் பொருள் வாங்கும் படிவம் நிரப்ப என்று பதில் வந்தது. அதுவே பாடத்திட்டம்.

8 ஜனவரி

பெயர் எழுதக் கற்றுக்கொடுத்த முறை: அட்டையில் பெயரைப் பெரிதாக எழுதித் தருவார்கள். மாணவர் அதன் மேலேயே பென்சிலை ஓட்ட வேண்டும், கைக்கு வளைவுகள் பழகும்வரை. பிறகுதான் வெறும் தாள்.

இங்கேதான் சிக்கல். கலப்பை பிடித்துக் காய்த்த கை பென்சிலையும் அதே பலத்தோடு அழுத்தும், பென்சில் ஒடியும். அடுத்ததும் ஒடியும். கிளார்க் சொன்ன வழி எளிது: முகம் சுளிக்காமல் இன்னொரு பென்சிலைக் கொடுங்கள். கூச்சப்பட்டு ஒருவர் வராமல் போனால் அவரைத் திரும்ப அழைத்து வருவது கடினம். பென்சில் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். நம் ஊர்க் கைநாட்டுப் போல அங்கே எக்ஸ் குறி. அதை விட்டு முதல்முறையாகத் தன் பெயரை எழுதுகிறவருக்கு இந்தப் பொறுமை தேவை.

10 ஜனவரி

அந்நாளில் வாக்காளராகப் பதிய, மாநில அரசியலமைப்பின் ஏதாவது ஒரு பிரிவைப் படித்து எழுதிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். தீவின் பேருந்து ஓட்டுநர் ஈசா ஜென்கின்ஸ், சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓட்டத்திலேயே அந்தப் பிரிவுகளைச் சொல்லிக்கொடுத்தார். சிலர் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அதிகாரி வேறு பிரிவைக் காட்டினால் மனப்பாடம் கைவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். பள்ளியின் தேவை அங்கிருந்துதான் பிறந்தது.

12 ஜனவரி

வாட்மலா, எடிஸ்டோ தீவுகளுக்கும் பள்ளிகள் பரவின. 1961இல் திட்டம் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்கு மாறியது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் கிராமத்துக்காரர்களே ஆசிரியர் பயிற்சி பெற்றார்கள். அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவில் கிளார்க் எதற்கு என்று ஆண்கள் கேட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். பயிற்சியை அவர் நிறுத்தவில்லை.

பறித்த ஓய்வூதியத்தை மாநிலம் 1976இல்தான் திருப்பிக் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 78.