வெளிவீதியில் ஐம்பது நிமிடம்

நல்லூர்த் திருவிழா 25 நாள். எடின்பரோ ஃபிரிஞ்ச் விழாவும் ஓகஸ்டில் ஏறக்குறைய அத்தனை நாள்தான். போன வருடம் அந்த நேரம் கந்தனைக் கும்பிடாமல், ஸ்கொட்லாந்துத் தெருவொன்றில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். உன்னை யார் கூப்பிட்டது என்று ஊரில் கேட்காத ஆளில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை.

1947இல் எடின்பரோவில் பெரிய சர்வதேசக் கலைவிழா தொடங்கியபோது, அழைப்பில்லாத எட்டு நாடகக் குழுக்கள் தாங்களாகவே வந்து கிடைத்த இடங்களில் ஆடிவிட்டுப் போயின. எங்கள் கோயில் கணக்கில் சொன்னால் அழைப்புள்ளவர்களுக்கு மதிலுக்குள் உள்வீதி, இவர்களுக்கு மதிலுக்கு வெளியே வெளிவீதி. அந்த வெளிவீதிதான் ஃபிரிஞ்ச். 1958இல் இந்த வெளிவீதிக்காரருக்கென ஒரு சங்கம் உருவானது. அந்தச் சங்கம் இன்றைக்கும் எந்த ஆற்றுகையையும் தெரிவு செய்வதில்லை. ஆட இடம் பிடித்து, கட்டணம் கட்டிப் பதிந்தால் பெயர் பட்டியலில் வரும்.

என்னுடையது ஓராள் ஆற்றுகை. போரில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அம்மம்மா தையல் மெசினைச் சைக்கிளில் கட்டிச் சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டு போன கதை. யாழ்ப்பாணத்தில் ஆறு வருடத்தில் இரண்டு முறைதான் போட முடிந்தது. மண்டப வாடகைக்கு அனுசரணையாளர் வேண்டும். அவர் வந்தால் பிரதம விருந்தினர் வருவார், பிறகு மங்கல விளக்கு, பொன்னாடை. ஐந்து மணி என்று அழைப்பிதழில் போட்டால் ஆறேகாலுக்கு நான் மேடையேறுவேன்.

முதலில் ரொறன்ரோவுக்குத்தான் முயன்றேன். சொந்தக்காரரில் பாதிப்பேர் அங்கே. கனடாவின் ஃபிரிஞ்ச் விழாக்களில் குலுக்கல் முறை. தரம் பார்ப்பதில்லை, பெயர் விழுந்தால் மேடை. டிக்கெட் விலை முழுவதும் கலைஞருக்கே. என் பெயர் விழவில்லை. சரி.

எடின்பரோவில் குலுக்கல் இல்லை என்பதால் சுலபம் என்று நினைத்தேன். விழா தெரிவு செய்யாது, ஆனால் இடம் வைத்திருப்பவர்கள் செய்வார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. பதினான்கு இடங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன், ஐந்து பதில் வந்தது. ஒருவர் கேட்ட வாடகை என் விமானச் சீட்டை விடக் கூட. இன்னொருவர் வருமானத்தில் எனக்கு 60, அவருக்கு 40 என்றார். கீழே சிறிய எழுத்தில், ஆள் வராவிட்டாலும் நான் இவ்வளவு கட்டியே ஆகவேண்டும் என்றிருந்தது. நல்லகாலம், இரண்டாம் முறை வாசித்தேன். கடைசியில் கிடைத்தது வாடகை இல்லாத இடம். சனம் இலவசமாக உள்ளே வரும், முடிவில் வாசலில் வாளியோடு நிற்க வேண்டும். மதுக்கடை ஒன்றின் நிலவறை, நாற்பது கதிரை, ஆறு நாள், காலை 11.45.

நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு 40 சொல்லில் அறிமுகம் எழுத இரண்டு கிழமை போனது. "போர்", "வலி" என்றெல்லாம் தொடங்கியிருந்தேன். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆற்றுகைகள் உள்ள புத்தகத்தில் அதை யார் நின்று வாசிப்பது என்று சிநேகிதி கேட்டாள். தையல் மெசினை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன்.

விசாவுக்குப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருங்கள். கலைஞர்கள் தனி வேலை அனுமதி இல்லாமல், வருகையாளர் விசாவிலேயே வந்து ஆடிக் காசும் வாங்கக்கூடிய விழாக்களின் பட்டியல் ஒன்று பிரித்தானிய அரசிடம் உண்டு. ஃபிரிஞ்ச் அதில் இருக்கிறது. விண்ணப்பக் கடிதத்தில் இதை முதல் பந்தியிலேயே எழுதினேன். மற்றதெல்லாம் வழக்கமான வங்கிக் கடிதம், மொழிபெயர்ப்பு, கொழும்புக்கு இரவு பஸ்.

தங்கியது கிளாஸ்கோவில், ஒன்றுவிட்ட அக்கா வீட்டுச் சோபாவில். ஓகஸ்டில் எடின்பரோ அறை வாடகையைக் கேட்டால் காய்ச்சல் வரும். எல்லோருக்கும் திறந்த விழா என்று சொல்கிறார்கள். அக்கா இல்லாவிட்டால் எனக்கு அது பூட்டிய விழாதான்.

முதல் நாள் நான்கு பேர். ஒருவர் அக்கா, இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர். முன்னுக்கு ஆடியவர் வெளியேறி நான் தொடங்கப் பத்து நிமிடம்தான், அதனால் மெசினுக்குப் பதில் அங்கே கிடந்த இரும்புக் கதிரை. அதைக் காலால் ஆட்டியபோது வந்த கிறீச் சத்தம் மெசினை விட நன்றாக இருந்தது. இன்றைக்கும் கதிரைதான்.

அன்று பின்னேரம் சங்கத்தின் கலைஞர் உதவிப் பகுதிக்குப் போனேன். ஒரு பெண் என் நோட்டீஸைப் பார்த்து, படத்தைச் சிறிதாக்கி நேரத்தையும் இடத்தையும் பெரிதாகப் போடச் சொன்னார். புதிய ஆற்றுகைகளைத் தேடி வரும் அரங்கக்காரர்கள் அங்கே பதிந்திருப்பார்கள், அவர்களுக்கு எழுதலாம் என்றும் காட்டினார். பதினொரு பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வீடியோ கேட்டார், அனுப்பியிருக்கிறேன். அவ்வளவுதான்.

ரோயல் மைல் தெருவில் நோட்டீஸ் கொடுப்பதுதான் பெரும்பாடு. "பிள்ளை, இஞ்சை ஆயிரம் பேர் குடுக்கினம், உன்ர நோட்டீஸை ஆர் வாங்குவினம்?" என்று கேட்ட அக்கா, நான்காம் நாள் மழைக்கோட்டோடு தானே ஒரு கட்டு நோட்டீஸ் எடுத்துக்கொண்டு நின்றார். அன்று பத்தொன்பது பேர்.

ஆறு நாளும் வாளியில் விழுந்தது 287 பவுண்ஸ். விமானச் சீட்டின் பாதிகூட இல்லை. ஆனால் ஒரே ஆற்றுகையை ஆறு நாள் தொடர்ந்து செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எந்த இடத்தில் சனம் கதிரையில் நெளிகிறது என்று மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. ஐந்தாம் நாள், சாவகச்சேரிப் பகுதியில் நான் நன்றாக அழும் நான்கு நிமிடத்தை வெட்டிவிட்டேன்.

திரும்பி வந்ததும் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையை மேடையாகத் திறந்துவிட்டோம். வாளிக்குப் பதில் அம்மம்மாவின் கடகம். வாசலில் ஒரு கொப்பி தொங்குகிறது. பெயரும் நிமிடக் கணக்கும் எழுதுகிறவருக்குத் திகதி, யாரும் தெரிவு செய்வதில்லை. அடுத்த பௌர்ணமிப் போயாவுக்கு முன் ஆட மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவருடைய நாடகம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஞாயிறு பின்னேரம், நாற்பது நிமிடம், கொடுத்தாயிற்று.