கடைசி மூன்று வரிகள்

விளையாட்டுப் பக்கத்தில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது புள்ளிப் பட்டியல்தான். அதையும் கீழிருந்துதான் வெட்டுவோம். ராத்திரி எட்டரைக்கு மேல் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு கால்பக்கம் வந்து இறங்கும். இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள் பத்தாகும், கொஞ்ச நேரத்தில் ஐந்தாகும். மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் பத்திரமாக இருப்பார்கள். நான் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில் இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த சீனியர், "கீழ இருக்கிறவனை எவன்பா தேடப்போறான்?" என்றார்.

நம் வாசகரைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் தப்பில்லை. ஐபிஎல்லில் கடைசி இடம் வந்தால் என்ன ஆகிவிடுகிறது? 2025-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்தாவதாக முடித்தது. திட்டினோம், மீம் போட்டோம், தோனி எப்போது விலகுவார் என்று இன்னொரு முறை விவாதித்தோம். அடுத்த சீசனும் அதே லீக்தான், அதே சேப்பாக்கம்தான். தோல்விக்கு மானக்கேட்டைத் தவிர வேறு விலை இல்லாத விளையாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

இங்கிலாந்தில் அப்படியில்லை. கடைசி மூன்று அணிகள் சாம்பியன்ஷிப் என்கிற இரண்டாம் நிலைக்கு இறங்கியாக வேண்டும். டிவி ஒளிபரப்புப் பணம் சரிந்துவிடும். விழுகிற வேகத்தைக் குறைக்க ‘பாராசூட்’ தொகை என்று ஒன்று கொடுக்கிறார்கள்: பிரீமியர் லீக் அணிகள் சமமாகப் பிரித்துக்கொள்ளும் ஒளிபரப்புப் பங்கில் முதல் ஆண்டு 55 சதவீதம், அடுத்து 45, அதற்கடுத்து 20. நல்ல ஆட்டக்காரர்களை வேறு கிளப் கொத்திக்கொண்டு போய்விடும். அவர்களைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர், புல்தரை பராமரிப்பவர், கணக்கு எழுதுபவர் ஆகியோரை எந்தக் கிளப்பும் விலை கொடுத்து வாங்குவதில்லை. ஏஜென்சி செய்தியில் அவர்கள் வருவதேயில்லை. (கொரோனாவுக்குப் பிறகு ஆள் குறைந்த ஒரு டெஸ்க்கில் உட்கார்ந்துகொண்டு யோசித்தால் இவையெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே கண்ணில் படும்.)

லிவர்பூல் நகரத்தின் இன்னொரு கிளப்பான எவர்டன் மீது எனக்குத் தனிப்பட்ட பாசம் எதுவும் இருந்ததில்லை. நைட் ஷிப்ட்காரனின் தலையில்தான் ஐரோப்பியக் கால்பந்து கட்டப்படும், அப்படி வந்தது. 2022 ஜனவரியில் மேனேஜர் ரஃபா பெனிட்டஸை எவர்டன் நீக்கியபோது அந்தச் செய்தியைத் தமிழில் போட வேண்டியிருந்தது. பெனிட்டஸ் முன்பு லிவர்பூலின் மேனேஜர். அவரைக் கொண்டுவந்ததே எவர்டன் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. நார்விச்சிடம் தோற்ற மறுநாள் அனுப்பிவிட்டார்கள். பின்னணி எழுதுவதற்காகக் கிளப்பின் வரலாற்றைப் புரட்டினேன். 1878-ல் ஒரு தேவாலயத்தின் அணியாகத் தொடங்கியது. 1888-ல் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்களில் ஒன்று. ஒன்பது முறை லீக் சாம்பியன். லிவர்பூல் கிளப் பிறப்பதற்கு முன் ஆன்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தது எவர்டன்தான். வாடகைத் தகராறில் வெளியேறி, பூங்காவைத் தாண்டி 1892-ல் குடிசன் பார்க்கைக் கட்டிக்கொண்டார்கள். காலி மைதானத்துக்காக உருவாக்கப்பட்ட கிளப்தான் லிவர்பூல். 1954-லிருந்து எவர்டன் முதல் நிலையை விட்டு இறங்கியதே இல்லை. இவ்வளவும் உள்ள கிளப்பை நாங்கள் ‘லிவர்பூலின் பரம எதிரி’ என்ற ஒரே தொடரில் முடித்துக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து பட்டியலைக் கீழிருந்து படிக்கத் தொடங்கினேன். கணக்கே வேறு மாதிரி இருக்கும். மேலே இருப்பவனுக்கு டிரா என்றால் இரண்டு புள்ளி போனது, கீழே இருப்பவனுக்கு ஒரு புள்ளி வந்தது. தன் ஆட்டத்தைப் போலவே பக்கத்து அணியின் ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். பர்ன்லியும் லீட்ஸும் எங்கே, யாரோடு ஆடுகிறார்கள் என்று தெரியாமல் எவர்டனின் நிலைமையை ஒரு வரிகூட எழுத முடியாது. 0-3 என்று தோற்பதற்கும் 0-5 என்று தோற்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதும் இங்கேதான் புரிந்தது. புள்ளி சமமானால், போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு ஊர் தப்பலாம், இன்னொரு ஊர் மூழ்கலாம். 1998-ல் எவர்டன் அப்படித்தான் போல்டனைத் தாண்டித் தப்பித்தது.

2022 மே 19 அன்று கிரிஸ்டல் பேலஸுடன் ஆட்டம். ஜெயித்தால் தப்பினார்கள். நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டேகால். சிட்டி எடிஷன் பக்கங்கள் அச்சுக்குப் போகிற நேரம் அது. ஆக, பேப்பரில் வர வாய்ப்பே இல்லை. இணையதளத்துக்கு யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் நான் இருந்தேன். இடைவேளையில் எவர்டன் 0-2. 54-வது நிமிடத்தில் மைக்கேல் கீன் ஒன்று போட்டார். 75-ல் ரிச்சார்லிசன். 85-ல் டெமராய் கிரே அடித்த ஃப்ரீ கிக்குக்குப் பாய்ந்து தலையால் முட்டினார், காயத்தால் சீசனில் பாதியை இழந்திருந்த கால்வர்ட்-லூவின். 3-2. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது, அவர்களை வெளியேற்றித்தான் தொடர வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் அப்போது விழித்திருந்தது நானும் வாட்ச்மேன் அண்ணனும்தான். "யாரு சார் கப்பு வாங்குனது?" என்று கேட்டார். கப்பெல்லாம் இல்லை அண்ணே, பதினாறாவது பதினேழாவது இடம்தான் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் டெஸ்க் கேட்டது வேறொரு வீடியோவை. ஆட்டம் முடிந்து வெளியேறும்போது தன்னைச் சீண்டிய ரசிகர் ஒருவரை பேலஸ் மேனேஜர் பேட்ரிக் வியேரா உதைத்துவிட்டார். அதுதான் ஓடியது. மேனேஜர் ரசிகரை உதைத்தது செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் 0-2 என்று பின்தங்கி, 68 ஆண்டு இருப்பை அரை மணி நேரத்தில் மீட்ட ஆட்டம் அந்த வீடியோவுக்கு முன்கதையாகிப் போனது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த ஆண்டும் அதே கதை, இன்னும் மோசமாக. மேனேஜர் ஃபிராங்க் லாம்பார்டு போய் ஷான் டைச் வந்தார். முதல் ஆட்டத்திலேயே பட்டியலில் முதலிடத்திலிருந்த ஆர்சனலை 1-0 என்று வீழ்த்தினார்கள். பிறகு வழக்கம்போல் சறுக்கினார்கள். கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில், வுல்வ்ஸ் மைதானத்தில், 99-வது நிமிடத்தில் எவர்டனின் யெர்ரி மினா சமன்செய்தார். 32 புள்ளி 33 ஆனது. லெஸ்டருக்கும் லீட்ஸுக்கும் 31.

கடைசி நாள் 2023 மே 28. விளையாட்டு டெஸ்க்கில் இருந்த எவருக்கும் அந்தத் தேதி மறக்காது, ஆனால் எவர்டனுக்காக அல்ல. அன்று அகமதாபாத்தில் ஐபிஎல் இறுதி ஆட்டம், சென்னையும் குஜராத்தும். முழுப்பக்கம் ஒதுக்கி, தோனியின் படத்தை வைத்து, கீழே வெள்ளையாக விட்டிருந்தோம். அங்கே மழை கொட்டியது. டாஸ்கூடப் போடவில்லை. டெஸ்க் மொத்தமும் மூடிபோட்ட பிட்சை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது.

எவர்டன் ஆட்டம் நம் நேரப்படி ஒன்பது மணிக்கு, போர்ன்மவுத்தோடு. அதே நேரத்தில் லெஸ்டரும் லீட்ஸும் அவரவர் மைதானத்தில். இப்படிப்பட்ட நாளில் செய்தியை முன்கூட்டியே அடித்து வைப்பது எங்கள் தொழில் வழக்கம். எவர்டன் இறங்கினால் ஒரு காப்பி, லெஸ்டர் இறங்கினால் ஒன்று, அதிசயம் நடந்து லீட்ஸ் தப்பினால் இன்னொன்று. 69 ஆண்டுகள் என்று எவர்டனின் இரங்கல் குறிப்பை நானே தட்டி வைத்திருந்தேன். 34-வது நிமிடத்தில் லெஸ்டர் கோல் போட்டதும் அந்தக் காப்பிதான் போகும் போலிருந்தது. இரண்டு அணிக்கும் 34 புள்ளி என்றால் கோல் வித்தியாசத்தில் லெஸ்டர் மேலே. இடைவேளை முழுவதும் எவர்டன் இரண்டாம் நிலை அணியாகவே இருந்தது. 57-வது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து எவர்டனின் டுகூரே உதைத்தார். 1-0. அதற்குப் பிறகு ஆட்டம் முடியவே இல்லை. கூடுதலாகப் பத்து நிமிடம் கொடுத்தார்கள், அதில் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு ஒரு பந்தைத் தடுத்தார். 36 புள்ளி, பதினேழாவது இடம். 

ஏறக்குறைய அதே நேரத்தில் அகமதாபாத்தில் ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளிவிட்டார்கள். பக்கத்தில் வெள்ளை அப்படியே இருந்தது. சீஃப் என்னைப் பார்த்து, "உன்கிட்ட ஏதாச்சும் இருக்காப்பா?" என்றார். இருந்தது சார், ஆனால் எவர்டனைவிட லெஸ்டரைத்தான் பெரிதாகப் போட வேண்டும் என்றேன். வெஸ்ட் ஹாமை 2-1 என்று ஜெயித்தும் 34 புள்ளியோடு இறங்கியிருந்தார்கள். 2016-ல் அதே லெஸ்டர் பட்டம் வென்றபோது தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. ஏழைப் பிள்ளை ஜெயித்த கதை நமக்கு எப்போதும் பிடிக்கும். ஏழு ஆண்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை நாலு வரிக்கு மேல் எழுத அகமதாபாத்தில் மழை பெய்ய வேண்டியிருந்தது. நாலு பத்தி போட்டோம், படத்தோடு. மறுநாள் ராத்திரி ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் செய்ததற்குப் பிறகு அதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், நியாயம்தான்.

மூன்றாவது சீசனில் நடந்தது எனக்குப் புதிது. 2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. ஆட்டமே இல்லாத நாள். ஏஜென்சி அனுப்பிய பட்டியலில் எவர்டனின் 14 புள்ளி நான்காகி, பதினான்காம் இடம் பத்தொன்பதாகியிருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்துத் திரும்பச் சரிபார்த்தேன். அப்போதைய விதிப்படி ஒரு கிளப்புக்கு மூன்று ஆண்டுக்கு 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் அனுமதி, இவர்கள் அதைத் தாண்டி 1.95 கோடி போய்விட்டார்கள், அதற்காக 10 புள்ளி அபராதம். மேல்முறையீட்டில் அது ஆறானது. ஏப்ரலில் வேறொரு கணக்குக்காக இன்னும் இரண்டைப் பிடித்தார்கள். கணக்குப் பிழை செய்தது நிர்வாகம், புள்ளியை இழந்தது ஆடியவர்கள். இதில் நான் நடுநிலையாக இல்லை, இருந்ததாக நடிக்கவும் விரும்பவில்லை. அந்த ஆண்டு எட்டுப் புள்ளி பிடித்தம் போக 40 எடுத்துத் தப்பினார்கள், நடுவில் குடிசன் பார்க்கில் லிவர்பூலை 2-0 என்று ஜெயித்தார்கள்.

அதற்குப் பிறகு எவர்டன் பிழைத்துக்கொண்டது. பழைய மேனேஜர் டேவிட் மோயஸ் திரும்ப வந்தார், பதற்றம் போய்விட்டது, எனக்குச் சுவாரசியமும் குறைந்தது. பழக்கம் மட்டும் போகவில்லை. 2025 ஏப்ரல் தொடக்கத்தில், ஏழு ஆட்டம் மீதமிருக்கும்போதே, சவுத்தாம்ப்டன் இறங்குவது உறுதியாகிவிட்டது. இனி ஆட ஒன்றுமில்லை என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் 2007-08-ல் டெர்பி என்ற அணி எடுத்த 11 புள்ளிதான் பிரீமியர் லீக்கின் மிக மோசமான சாதனை, சவுத்தாம்ப்டன் அதைத் தாண்டியாக வேண்டும். மே 10 அன்று மான்செஸ்டர் சிட்டியை 0-0 என்று பிடித்து நிறுத்தி 12-வது புள்ளியை எடுத்தார்கள். நம் நேரப்படி ஏழரை மணி ஆட்டம், வெளியூர் பதிப்புக்கே போட முடிந்தது. சீஃப் காப்பியைப் பார்த்துவிட்டு, "இவங்க இறங்கிட்டாங்கன்னு போன மாசமே போட்டாச்சேப்பா" என்றார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொன்னேன். கேட்டார். மூன்று வரியைக் குறைத்துவிட்டுப் போட்டார்.