சேபா தீவில் ஏற்றமும் இறக்கமும்

மார்ச் 3, 2025

சேபா, கரீபியக் கடலில் உள்ள ஒரு சிறு டச்சுத் தீவு. பக்கத்துத் தீவான சின்ட் மார்ட்டனிலிருந்து வின்ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானத்தில் கால் மணி நேரம்தான். ஓடுபாதை 400 மீட்டர்; இரு முனைகளிலும் கடலில் இறங்கும் செங்குத்துப் பாறை. காற்று வலுத்தால் விமானம் வராது. ஆகவே சேபாவை விட்டுக் கிளம்பும் நாளிலேயே ஊர் திரும்பும் விமானத்துக்கு டிக்கெட் போடக் கூடாது. ஒரு நாளாவது இடைவெளி வேண்டும். படகு உண்டு, ஆனால் விமானத்தை நிறுத்தும் காற்று கடலையும் புரட்டிவிடும்.

மார்ச் 4

பேருந்து கிடையாது. 13 சதுர கிலோமீட்டர் தீவுதானே, நடந்துவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். இங்கே கணக்கு உயரத்தில்: துறைமுகமான ஃபோர்ட் பே கடல்மட்டம், தலைநகர் தி பாட்டம் சுமார் 250 மீட்டர், இன்னொரு ஊரான விண்ட்வர்ட்சைட் சுமார் 400. எனவே ஏற டாக்சி, இறங்கக் கால்.

டாக்சியைத் தங்குமிடத்தில் சொல்லியே வரவழைக்க வேண்டும். கட்டணத்தையும் திரும்ப வரவேண்டிய நேரத்தையும் முன்பே பேசிவிடுங்கள். புழங்குவது அமெரிக்க டாலர். சிறு நோட்டுகள் வைத்திருங்கள்.

லிஃப்ட் கேட்பது இங்கே சகஜம். ஆனால் கொண்டைஊசி வளைவில் நின்று கேட்டால் யாரும் நிறுத்த மாட்டார்கள், நிறுத்த இடமே இருக்காது. ஊருக்குள், சாலை அகலும் இடத்தில் நில்லுங்கள்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். முதலிலிருந்தே தாழ்ந்த கியரில் வாருங்கள். பெட்ரோல் பங்க் ஃபோர்ட் பேயில் மட்டும். இந்தச் சாலையைப் போடவே முடியாது என்றார்களாம் டச்சுப் பொறியாளர்கள். சேபாக்காரரான ஜோசஃபஸ் லாம்பர்ட் ஹாசல் அஞ்சல்வழியில் பொறியியல் படித்துவிட்டு, உள்ளூர் ஆட்களோடு 1938இல் வேலையைத் தொடங்கினார்.

மார்ச் 6

தீவின் உச்சியான மவுண்ட் சீனரி மலை: 887 மீட்டர், விண்ட்வர்ட்சைட் பக்கமிருந்து 1064 படிகள். காலையிலேயே ஏறுங்கள், பிறகு உச்சியை மேகம் மூடலாம். பாசி படிந்த படிகளில் வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். பிடிப்புள்ள காலணி, ஊன்றுகோல், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

மார்ச் 7

வெல்ஸ் பேயில் கோடையில் சேரும் மணலைக் குளிர்காலக் கடல் அள்ளிப்போய்விடும். கடற்கரைக்காக இந்த மாதத்தில் வராதீர்கள்.

அருகே ‘லேடர்’ என்ற பழைய படிக்கட்டு, சுமார் 800 படிகள். சாலை வருமுன் சரக்குகள் இதன் வழியே தலைச்சுமையாக ஏறின. இறங்கினால் அதே வழியில்தான் ஏற வேண்டும். கீழே டாக்சி வராது. மேற்குச் சரிவு என்பதால் பிற்பகல் வெயில் நேராக அடிக்கும். பத்து மணிக்குள் மேலே வந்துவிடும்படி கிளம்புங்கள்.