கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாடம்

ஃபிகர் ஸ்கேட்டிங் நடுவர் பயிற்சியில் என்னைப் படாத பாடு படுத்தியது மதிப்பெண் தாளில் 'ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ்' (பனியில் வழுக்கிச் செல்லும் திறன்) என்ற ஒரே ஒரு கட்டம். 2022-23 பருவத்தில் நிகழ்ச்சி முழுவதற்கும் மதிப்பெண் போடும் ஐந்து கூறுகளை மூன்றாகச் சுருக்கியபோதும் இதை விட்டுவிடவில்லை. பத்துக்கு, கால் கால் புள்ளியாகப் போட வேண்டும். விதிகள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

முதல் போட்டியில் நான் போட்டது கணக்கில் சேராத பயிற்சி மதிப்பெண். குவாட் தாவல் (காற்றில் நான்கு சுற்று) இரண்டைச் சுத்தமாக இறக்கியவருக்கு 8.75. இரண்டு முறை விழுந்தவருக்கு 7.50. தாளைப் பார்த்த மூத்த நடுவர் சிரித்துவிட்டார். "நீங்க தாவலுக்குல்ல போட்டிருக்கீங்க! அதுக்குத்தான் தனி மார்க் இருக்கே." விழுந்தால் உச்ச மதிப்பெண் கிடையாது என்று ஒரு வரம்பு உண்டு, நான் அதற்கும் கீழே போயிருந்தேன்.

மறுநாள் பயிற்சி நேரத்தில் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னார். ஒருவரின் பிளேடு கரகரவென்று சுரண்டியது. இன்னொருவருடையது துணியை நீளமாகக் கிழிப்பதுபோல் ஆழமாக ஒலித்தது. கண்ணைத் திறந்தால், முன்னவர் காலுக்கு மேல் கால் மாற்றிவைக்கும் கிராஸ்ஓவரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வேகத்தைப் பிடித்துவைக்கிறார். பின்னவர் முழங்காலை மடக்கி இரண்டே தள்ளு தள்ளுகிறார், வேகம் தானாக ஏறுகிறது. ஒற்றைக்காலில் போடும் ராக்கர், கவுன்டர் திருப்பங்களிலும் அது குறையவில்லை. அவர்தான் முந்தைய நாள் விழுந்தவர்.

இத்தனை வருடம் டிவியில் பார்த்துப் பழகிய கண் இது. கேமரா ஆளோடு சேர்ந்தே நகர்வதால் எல்லோரும் ஒரே வேகத்தில் போவதுபோல்தான் தெரியும். 2011 முதல் 2013 வரை தொடர்ந்து மூன்று முறை உலகச் சாம்பியனான கனடா வீரர் பேட்ரிக் சானை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று குழம்பியவன் நான். அன்று இரவு அவருடைய பழைய வீடியோவை எடுத்து முழங்காலை மட்டும் பார்த்தேன். தாவல் எங்கே வந்தது என்றுகூடக் கவனிக்கவில்லை.

பெரிய போட்டிகளில் ஒன்பது நடுவர்களின் மதிப்பெண்ணில் அதிகபட்சமும் குறைந்தபட்சமும் கழிந்துவிடும். அங்கே ஒரு நடுவர் தவறினால் மூடி மறைக்க ஆள் உண்டு. பயிற்சி நடுவருக்கு ஏது? கடைசி நாள் அந்த மூத்த நடுவர் நான் போட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் காரணம் கேட்டார்.

"இவருக்கு ஏன் 6.75?"

"எல்லாத் திருப்பமும் இடப்பக்கமாவே போகுது மேடம். வலப்பக்கம் வந்தா பிளேடு விளிம்புல சாயாம தட்டையாகி வேகம் செத்துடுது."

"சரி, அடுத்தவர்."