கிறிஸ்துமஸ் கடிதத்தில் எழுதாமல் விட்டவை

எட்டு வயதில் நான் எழுதிய முதல் கடிதம், என் படிப்புச் செலவை ஏற்றிருந்த, முகம் தெரியாத ஒரு ஜெர்மானிய அம்மையாருக்கு. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் பிறந்ததும் கத்தோலிக்கத் திருச்சபை நடத்திய எங்கள் போர்டிங்கின் வார்டன் கரும்பலகையில் கடிதத்தை எழுதிப் போடுவார். "நான் நலமாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன், தங்களுக்காக அனுதினமும் செபிக்கிறேன்" என்பதை முப்பது பிள்ளைகளும் எழுத்துப் பிசகாமல் பார்த்தெழுதுவோம். கடிதத்துடன் அனுப்பும் புகைப்படத்துக்கென்றே அலமாரியில் இரண்டு வெள்ளைச் சட்டைகள் இருந்தன. அவற்றை மாற்றி மாற்றி அணிந்துகொண்டு வரிசையாகப் போய் நிற்போம். எனக்குச் சட்டை பெரிதாக இருந்ததால், முதுகுப்புறத்தை மடித்து ஊக்குக் குத்திவிட்டார்கள். படத்தில் ஊக்கு தெரியாது.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையே, கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளிக் கண்மாய்க் கரைக்குத் தெற்கே எங்கள் தெரு இருந்தது. ஊருக்கு ஒரே ஊருணி. என் தாயார் சிறுமியாக இருந்த நாளில் எங்கள் தெருப் பெண்கள் அதன் படித்துறையில் கால் வைக்கக் கூடாது. குடத்துடன் ஒதுங்கி நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும். என் காலத்தில் குழாய் வந்துவிட்டதால் அந்த வழக்கம் தானாகவே மறைந்தது. டீக்கடை வழக்கம் மறையவில்லை. எங்களுக்கான அலுமினியக் குவளை தாழ்வாரத்து ஓலையில் செருகியிருக்கும். நாமே எடுத்து, குடித்து, கழுவி, மீண்டும் செருகிவிட்டு வர வேண்டும். ஜெர்மானிய அம்மையாருக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் இந்தக் குவளை இடம்பெற்றதில்லை. கரும்பலகையில் அது இல்லை.

இதன் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை வளர்ந்த பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1930-ஆம் ஆண்டு டிசம்பரில், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள் என்பதை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது, சட்டை போடக் கூடாது, முடி வெட்டிக்கொள்ளக் கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூவும் மஞ்சளும் சூடக் கூடாது, ஆண்கள் குடை பிடிக்கவோ செருப்பணியவோ கூடாது என்று அந்தப் பட்டியல் நீளும். என் பாட்டனார் கடைசிவரை குடை பிடித்து நான் பார்த்ததே இல்லை. மழை குறைந்த சீமைதானே, அதனால்தான் போலும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். மறு ஆண்டு விதிக்கப்பட்ட பதினொரு தடைகளில், பிள்ளைகளைப் படிக்க வைக்கக் கூடாது என்பதும் ஒன்று. அத்தகைய சீமையில் திருச்சபை ஒரு பிள்ளையை அழைத்துப்போய், சோறு போட்டு, சிலேட்டைக் கையில் கொடுத்ததை வெறும் தருமம் என்று சொல்லிவிட என்னால் முடியாது. அது அந்தத் தடையை மீறிய செயல்.

ஆனால் அதே திருச்சபை சாதியைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் நடந்திருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய சேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி பிராமணத் துறவியின் கோலத்தை ஏற்றார். மற்றச் சாதியினரிடையே ஊழியம் செய்யப் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவு பின்னர் உருவாயிற்று. 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் ஒரு பண்டாரசாமியே. அவர் இரத்தத்தால் சிவந்ததாக நம்பப்படும் செம்மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ள இன்றும் ஓரியூருக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறோம். அந்தப் பிரிவினையைப் பற்றி எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. என் இளமைக்காலத்தில் எங்கள் பங்குக் கோயிலின் திருவிழாச் சப்பரம் எங்கள் தெரு முனையில் திரும்பிவிடும்; கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் இருந்தது. போர்டிங்கில் எனக்குச் சோறு போட்ட அதே நிர்வாகத்தின் கீழ்தான் அந்தச் சுவரும் இருந்தது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. என் தாயாருக்கு அதற்கு எழுத்து தேவைப்படவில்லை.

"சோற்றுக்கு மதம் மாறியவர்கள்" என்ற ஏச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பசித்தவன் சோற்றுக்குப் போனதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கணக்குப் பார்த்தாலும், எங்களுக்கு அது நட்டமான பேரம்தான். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர். மாநில அரசின் சில கல்வி உதவித்தொகைகளில் "கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்று எங்களுக்கும் ஓர் இடம் உண்டு. வேலை என்று வரும்போது அது இல்லை. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்குப் பொருந்தாது. ஆகவே எங்கள் தெருவில் பலருக்கு இரண்டு பெயர்கள்: ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. என் அண்ணனுக்கு முருகன் பெயர் வைத்த தகப்பனார், எனக்கு மட்டும் போர்டிங்கில் சேர்ப்பதற்காகத் திருமுழுக்குப் பெயரையே எழுதிக்கொடுத்தார். அண்ணன் அரசு வேலைக்குப் போனார். அதிகம் படித்தவன் நான். தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழைக் கையில் வாங்கிப் படித்தபோதுதான் எங்கள் இருவருக்கும் இடையே சட்டம் போட்டிருந்த கோடு எனக்குப் புரிந்தது. டீக்கடைக்காரர் எங்கள் இருவருக்கும் ஒரே குவளையைத்தான் வைத்திருந்தார். அவர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்ததில்லை.

போன மாதம் ஒரு விடுதியிலிருந்து, ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்க இயலுமா என்று கேட்டுப் படிவம் அனுப்பியிருந்தார்கள். இணைத்திருந்த படத்தில், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு சிறுவன் விறைப்பாக நிற்கிறான்; சட்டையின் தோள் அவன் தோளைத் தாண்டித் தொங்குகிறது. பணத்தை அனுப்பிவிட்டேன். பிள்ளையிடமிருந்து ஆண்டுக்கு எத்தனை கடிதங்கள் வேண்டும், ஒன்றா இரண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தது. வேண்டாம் என்பதற்குக் கட்டம் இல்லாததால், ஓரத்தில் பேனாவால் எழுதினேன்.